வாசகர் கேள்வி: ஒரே நாட்டில் குழந்தைச் சாவுக் கணக்கு ஏன் இவ்வளவு மாறுகிறது?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறாள். பேத்திக்கு இப்போது ஒன்றரை மாதம். பெற்றவர்கள் அடித்தும் சரியாகக் கவனிக்காமலும் இறந்துபோகும் குழந்தைகள் அங்கே அதிகம், சில மாநிலங்களில் ரொம்பக் குறைவு என்று படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அந்த ஊர் ஜனங்கள் அவ்வளவு கல்நெஞ்சக்காரர்களா?
– ஒரு பாட்டி, நாமக்கல்

பதில்: அப்படி இல்லை அம்மா. டெக்சாஸ் பெரிய மாநிலம், குழந்தைகளும் அதிகம், அதனால் வெறும் எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஒரு லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை பேர் என்றுதான் பார்க்க வேண்டும். 2022 நிதியாண்டில் நாடு முழுவதும் 1,990 குழந்தைகள் இப்படி இறந்ததாக அமெரிக்க அரசு மதிப்பிட்டது. லட்சத்துக்கு 2.73. இதில் மாநிலத்துக்கு மாநிலம் பெரிய வித்தியாசம் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசத்தில் குழந்தைகளுக்கு நேர்ந்தது எவ்வளவு, அதிகாரிகள் எழுதிய விதத்தால் வந்தது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம்.

குடித்துவிட்டு வந்த அப்பா கைக்குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறார், விடிந்து பார்த்தால் குழந்தைக்கு மூச்சில்லை என்று வையுங்கள். ஒரு மாநிலத்தில் இது கவனிப்பில்லாமல் நேர்ந்த சாவு என்று பதிவாகும். இன்னொன்றில் தூக்கத்தில் நடந்த விபத்து என்று கோப்பை மூடிவிடலாம். வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்த குழந்தை, வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுப்போன குழந்தை எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். இது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் இந்தச் சாவுகளில் நான்கில் மூன்றில் கவனிப்பின்மைக்குப் பங்கு இருக்கிறது, அடி உதை மட்டும் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2011-இல் இதை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய பாதி மாநிலங்கள் குழந்தைகள் நலத்துறையின் கோப்புகளை மட்டும் வைத்துக் கணக்கு அனுப்பியது தெரிந்தது. போலீஸ், பிணக்கூறாய்வு, இறப்புச் சான்றிதழ் எதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அப்புறம், வெர்மான்ட் மாதிரி சின்ன மாநிலத்தில் குழந்தைகளே ஒன்றேகால் லட்சத்துக்கும் குறைவு, ஒரு வருடத்தில் ஒரு சாவு கூடினாலே வீதம் ஒரு புள்ளி அளவுக்கு ஏறிவிடும்.

அதற்காக எல்லாமே காகிதக் கோளாறு என்று நான் சொல்லவில்லை. வறுமை, போதை, கைக்கு உதவி இல்லாத இளம் பெற்றோர் அதிகமுள்ள இடங்களில் உண்மையிலேயே ஆபத்து அதிகம். கறுப்பினக் குழந்தைகள் வெள்ளையினக் குழந்தைகளைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு வீதத்தில் இறக்கிறார்கள், இதை எந்தக் கோப்பின் மேலும் பழிபோட்டுத் தள்ளிவிட முடியாது.

இப்போது உங்கள் பேத்திக்கு வருகிறேன். இறக்கும் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் ஒரு வயது ஆகாதவர்கள். ஆறாவது வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை குழந்தையின் அழுகை உச்சத்தில் இருக்கும், பால் கொடுத்தும் துணி மாற்றியும் நிற்காது. தூக்கமில்லாத அப்பாவோ அம்மாவோ பொறுமை போய் சில நொடி பிடித்து உலுக்கினால் போதும், கழுத்து நிற்காத குழந்தைக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடும். நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் 8 மாவட்டங்களில் பிரசவ ஆஸ்பத்திரியிலேயே பெற்றோரை உட்காரவைத்து இதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள், ஐந்தரை வருடத்தில் இப்படிப்பட்ட காயங்கள் 47 சதவீதம் குறைந்ததாக 2005-இல் எழுதினார்கள். அதையே பென்சில்வேனியா முழுக்கச் செய்தபோது அந்தப் பலன் தெரியவில்லை, அதனால் ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். இன்றைக்கே மகளுக்குப் போன் போட்டு, மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: தாங்க முடியவில்லை என்றால் குழந்தையை மல்லாக்கத் தொட்டிலில் படுக்கவைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள், அழட்டும். முடிந்தால் நீங்களே கிளம்பிப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: பெற்றவர்கள் கையால் குழந்தை சாவதெல்லாம் நம் ஊரில் நடப்பதே இல்லை, கணக்கைப் பார் என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். அவன் சொல்வது சரியா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: மதுரையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே தம்பி. உசிலம்பட்டிப் பக்கம் பெரியவர்கள் யாரிடமாவது பெண் சிசுக்கொலை பற்றிக் கேளுங்கள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. நாலாம் நாள் காலையில் குழந்தை இல்லை. "பால் புரையேறிடுச்சு" என்று அந்த வீட்டுக் கிழவி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தாய் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள், பால் கட்டி ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது, அதை மறைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. என்ன நடந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. போலீஸ் வரவில்லை, டாக்டர் வரவில்லை, எந்தப் பேரேட்டிலும் அந்தக் குழந்தை ஏறியிருக்காது.

பின்னாளில் இது எப்படி வெளியே தெரிந்தது தெரியுமா? ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் கிராம சுகாதாரச் செவிலியர்கள் இந்தச் சாவுகளைச் "சமூகக் காரணம்" என்று தனியாக எழுதத் தொடங்கினார்கள். அப்போதுதான் சேலம், தருமபுரி, மதுரை, தேனிப் பக்கம் குவிந்து கிடப்பதும், வேறு பல மாவட்டங்களில் அநேகமாக இல்லாததும் கண்ணுக்குத் தெரிந்தது. 1991 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகள்தான். அடுத்த வருடம் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கியது.

வெளிநாடுகளிலும் இதே சங்கடம்தான். 2003-இல் யுனிசெப் இப்படிப்பட்ட குழந்தைச் சாவு வீதத்தை வைத்துப் பணக்கார நாடுகளை வரிசைப்படுத்தியபோது, கொலையா விபத்தா என்று முடிவாகாத குழந்தைச் சாவுகளையும் சேர்த்தார்கள், உடனே மெக்சிகோ, அமெரிக்காவோடு போர்ச்சுகலும் பட்டியலின் அடியில் போய் நின்றது. அங்கே முடிவாகாத கோப்புகள் அவ்வளவு இருந்தன.

ஆகவே உங்கள் நண்பரிடம் கேளுங்கள், எந்தக் கணக்கை வைத்துப் பேசுகிறார் என்று. கொலை வழக்கு பதிவானால் அது காவல்துறைப் புள்ளிவிவரத்தில் ஏறும். காய்ச்சலில் மூன்று நாள் கிடந்தும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகாமல் விட்ட குழந்தை எதில் ஏறும்? லாஸ் ஏஞ்சலிஸில் 1978-லிருந்து டாக்டர், போலீஸ், நலத்துறை எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சந்தேகமான குழந்தைச் சாவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் ஆசை, ஆட்சியருக்கு மனு எழுத நீங்கள் தயார் என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரைக்கும், உங்கள் தெருவில் ஒரு குழந்தை அடிவாங்கும் சத்தமோ பட்டினியில் கிடப்பதோ தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.