ஃபால்அவுட் முதல் பாகம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

போன வாரம் கேள்வி அனுப்பச் சொன்னேன், குவித்துவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். 1997-இல் இன்டர்ப்ளே வெளியிட்ட ஃபால்அவுட் கம்ப்யூட்டர் ஆட்டத்தின் முதல் பாகம் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு. முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் கடைசி இரண்டு கேள்விகளைத் தாண்டிவிடுங்கள்.

கே: டிவி தொடர் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். நேராக இதில் இறங்கினால் கதை புரியுமா?

ப: தாராளமாகப் புரியும், இங்கேதானே எல்லாம் ஆரம்பம். 2077-இல் அணுகுண்டுப் போர். 84 வருடம் கழித்து, தெற்குக் கலிஃபோர்னியாவில் வால்ட் 13 என்ற நிலத்தடிப் புகலிடத்தில் குடிநீரைச் சுத்திகரிக்கும் சில்லு பழுதாகிறது. வேறொன்று தேடி வர உங்களை வெளியே அனுப்புகிறார்கள். கெடு 150 நாள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

கே: கேரக்டர் உருவாக்கும் திரையிலேயே தலை சுற்றுகிறது. எதை ஏற்றுவது?

ப: ஏஜிலிட்டி, அதாவது சுறுசுறுப்பு. யோசிக்கவே வேண்டாம். சண்டையில் ஒவ்வொரு சுற்றிலும் நகரவும் சுடவும் கிடைக்கும் ஆக்‌ஷன் பாயிண்ட், 5-உடன் ஏஜிலிட்டியில் பாதி. ஏஜிலிட்டி 6 என்றால் 8 பாயிண்ட். கைத்துப்பாக்கியால் ஒரு தடவை சுட 5 போய்விடும், மீதி 3-ஐ வைத்துக்கொண்டு மூன்று அடி நடக்கலாம். 10 வைத்தால் 10 பாயிண்ட், இரண்டு முறை சுடலாம். கிட்டத்தட்ட இரண்டு ஆள் பலம். 18 திறமைகளில் மூன்றை டேக் செய்யச் சொல்லும், அதாவது உங்கள் சிறப்புத் திறமைகளாகக் குறிக்கச் சொல்லும்: ஸ்மால் கன்ஸ் (சிறு துப்பாக்கிகள்), ஸ்பீச் (பேச்சு), லாக்பிக் (பூட்டுத் திறப்பு) எடுங்கள். பேரம் பேசும் பார்ட்டர் பக்கம் போகவே வேண்டாம், சூதாட்டத் திறமையை ஓரளவு ஏற்றினாலே காசு கொட்டும்.

கே: ப்ரோ, பலம் 10, புத்தி 1 வைத்து ஆரம்பித்தேன். ஊரில் ஒருத்தரும் ஒழுங்காகப் பேச மாட்டேன் என்கிறார்கள். பக்-ஆ?

ப: பக் இல்லை ப்ரோ, நீங்கள் கேட்டு வாங்கியது! புத்தி 4-க்குக் கீழே போனால் உங்கள் ஆளால் உளறத்தான் முடியும். பாதி வேலைகளை யாரும் நம்பித் தரமாட்டார்கள். இரண்டாவது முறை விளையாடும்போது இப்படி ஒரு ஆளை எடுங்கள், சிரித்து மாளாது. முதல் முறைக்கு வேண்டாம்.

கே: 150 நாளில் முடியுமா? வால்ட் 15 போனேன், இடிந்து கிடக்கிறது. சில்லு எங்கேதான் இருக்கிறது?

ப: நாள் போதும். வரைபடத்தில் குறித்துக் கொடுத்த ஒரே இடம் வால்ட் 15 என்ற இன்னொரு புகலிடம் என்பதால் எல்லோரும் அங்கேதான் முதலில் ஏமாறுகிறோம். சில்லு இருப்பது நெக்ரோபாலிஸில், அதாவது பழைய பேக்கர்ஸ்ஃபீல்டில், கதிர்வீச்சில் தோல் உரிந்த கூல்கள் வாழும் ஊரில். ஹப் நகரத்துத் தண்ணீர் வியாபாரிகளுக்குக் காசு கொடுத்தால் வால்ட் 13-க்குத் தண்ணீர் அனுப்புவார்கள், கெடு இன்னும் 100 நாள் நீளும்.

ஆனால் சில்லைக் கண்டதும் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடாதீர்கள். அந்தக் கூல்களுக்குத் தண்ணீர் வருவதும் அதே சில்லால்தான். சாக்கடைக்குள் பம்ப் உதிரிபாகம் கிடைக்கும், அதை எடுத்து மேலேயுள்ள பழைய பம்பைச் சரிசெய்த பிறகு சில்லை எடுங்கள். நான் முதல் தடவை கல்லூரி விடுதியில் இரவு இரண்டு மணிக்குச் சில்லைக் கண்டுபிடித்து, தாங்காத மகிழ்ச்சியில் அப்படியே கிளம்பிவிட்டேன். என் ஊருக்குத் தண்ணீர் வந்தது, அவர்கள் ஊர் வறண்டது. ஆட்டம் நடுவில் நிறுத்தி உங்களைத் திட்டாது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கே: அண்ணா, என் கூட்டாளி இயன் என் முதுகிலேயே சுடுகிறான்.

ப: எஸ்எம்ஜி, அதாவது சரமாரியாகச் சுடும் சிறு இயந்திரத் துப்பாக்கி கொடுத்திருப்பீர்கள், சரிதானே தம்பி? நடுவில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் சரமாரியாகச் சுடுவான். பேரம் பேசியோ திருடியோ அதை வாங்கிவிட்டுக் கைத்துப்பாக்கி கொடுங்கள். அவன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் மட்டும் வழி இல்லை; கூட்டாளியைத் தள்ளிவிடும் வசதி இரண்டாம் பாகத்தில்தான் வந்தது.

கே: இது முதலில் கர்ப்ஸ் விதிகளில் செய்த ஆட்டமாமே?

ப: ஆமாம். மேசையில் உட்கார்ந்து ஆடும் கதாபாத்திர ஆட்டங்களுக்காக ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனம் செய்த விதிமுறை அது. ஒப்பந்தம் முறிந்ததும் ஆட்டத்தை உருவாக்கிய டிம் கெய்ன் குழு அவசர அவசரமாக ஸ்பெஷல் என்ற சொந்த முறையைச் செய்து பொருத்தியது. முறிந்ததும் நல்லதுக்கே.

கே: இப்போதைய கம்ப்யூட்டரில் ஓடுமா?

ப: ஓடும். ஆட்டத்தை வாங்கி, அதன் கோப்புகளோடு, இன்றைய கருவிகளில் ஓடும்படி ரசிகர்கள் செய்த கம்யூனிட்டி எடிஷனைச் சேருங்கள். ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும், எழுத்துதான் பொடியாகத் தெரியும்.

கே: கடைசி வில்லன் மாஸ்டரை அடிக்கவே முடியவில்லை. எந்தத் துப்பாக்கி எடுக்கலாம்?

ப: துப்பாக்கியே வேண்டாம். மனிதர்களையெல்லாம் சூப்பர் மியூட்டன்ட் என்ற உருமாறிய ராட்சதர்களாக ஆக்கிவிட்டால் சண்டையே இருக்காது என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை: மியூட்டன்ட்களுக்குப் பிள்ளை பிறக்காது. பழைய தொழில்நுட்பத்தைக் காக்கும் பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீல் என்ற குழுவில் வ்ரீ என்ற ஆராய்ச்சியாளரிடம் பேசி அவர் தரும் உடற்கூறு அறிக்கையை வாங்கி, மாஸ்டர் முன்னால் வையுங்கள். முதலில் நம்பமாட்டான். பிறகு தான் செய்ததெல்லாம் வீண் என்று புரிந்து தன்னையே அழித்துக்கொள்வான். எத்தனையோ ஆட்டங்களில் கடைசி வில்லனைச் சுட்டிருக்கிறேன். ஆதாரத்தைக் காட்டித் தோற்கடித்தது இங்கேதான். அதற்காக அவன் இயக்கும் வெடிகுண்டின் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும், நின்று ரசிக்காமல் ஓடுங்கள்.

கே: அவ்வளவும் செய்த என்னை வால்ட் வாசலிலேயே துரத்திவிட்டார் அதன் தலைவரான ஓவர்சியர். அந்த ஆளைச் சுட முடியுமா?

ப: முடியும். ப்ளடி மெஸ் குணத்தை எடுத்திருந்தால் உங்கள் ஆள் தானாகவே சுட்டுவிடுவான். இல்லையென்றால், அவர் பேசி முடித்துத் திரும்பும் அந்தச் சில நொடிக்குள் ஏ விசையை அழுத்திச் சண்டையைத் தொடங்க வேண்டும். துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டே வாசலுக்குப் போங்கள்.