கறுப்பின இசையைப் பற்றி எழுதும் அமெரிக்க இதழ்களில் கறுப்பின ஊழியர்கள் ஏன் குறைவு?

ஜாஸ், ப்ளூஸ், ஹிப்-ஹாப் எல்லாம் கறுப்பின மக்கள் வளர்த்த இசை. ஆனால் எந்தக் கட்டுரை வரும், அட்டையில் யார் படம் என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் குறைவு. கேள்வி இதைப் பற்றியதுதான்.

பிரச்சினை பழையது. ஜாஸ் விமர்சகர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், பெரிய கலைஞர்களோ அப்படியல்ல என்று 1963இல் டவுன்பீட் என்ற ஜாஸ் இதழிலேயே எழுதினார் கறுப்பினக் கவிஞர் அமிரி பராகா. செய்தித் துறையின் ஆசிரியப் பணிகளில் கறுப்பினத்தவர் 5 சதவீதம்கூட இல்லை என்றது அமெரிக்க நகரக் கலவரங்களை ஆராய்ந்த அரசு ஆணையமான கெர்னர் ஆணையத்தின் 1968ஆம் ஆண்டு அறிக்கை.

முக்கியக் காரணம் நுழைவாயில். சம்பளமே இல்லாத, அல்லது சொற்பச் சம்பளப் பயிற்சிப் பணியில் சேர்ந்து நியூயார்க் வாடகை கொடுக்க, வீட்டில் பணம் வேண்டும். அதன்பின் வேலை தெரிந்தவர் வழியாகவே போகிறது. வெளியிலிருந்து எழுதும் கறுப்பின எழுத்தாளருக்குக் கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி. தலைப்பு வைப்பதும் வெட்டுவதும் ஆசிரியர் கையில். பாடகரின் குரலில் தேவாலயப் பாட்டின் சாயல் இருக்கிறது என்று அந்த எழுத்தாளர் எழுதிய பத்தி, அதை அறியாத ஆசிரியருக்கு வீண் வரியாகப் படும். அது போய்விடும், பாடகர் எப்போதோ கைதான சேதி தலைப்பில் ஏறும். என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய இழப்பு.

மீன்குழம்பையே ருசித்திராதவர் அதற்குப் புளி போதுமா என்று தீர்ப்புச் சொல்வது போலத்தான்.

வெள்ளையர் எழுதவே கூடாது என்பதல்ல வாதம். அந்த இசை பிறந்த வாழ்க்கையை அறியாமல் மதிப்பிடுவதைத்தான் பராகாவும் குறை சொன்னார்.