நொடியில் சிதையும் அணுக்கருவின் ஸ்பினை எப்படித் திருப்புகிறார்கள்?

புதுச்சேரியில் எம்.எஸ்சி இயற்பியல் படிக்கும் தம்பி கேட்டது: லித்தியம்-8 கருவின் அரை ஆயுளே 0.84 நொடிதான், அதற்குள் கருக்களின் ஸ்பினை (தற்சுழற்சி போன்ற பண்பு, அதற்கு ஒரு திசை உண்டு) ஒரே திசைக்கு எப்படிக் கொண்டுவருகிறார்கள்?

நேரம் தாராளம் தம்பி, சில மைக்ரோநொடியே போதும். கனடாவின் ட்ரையம்ஃப் ஆய்வகத்தில் 500 எம்இவி (மெகா எலக்ட்ரான்வோல்ட்) ஆற்றல் கொண்ட புரோட்டான்களை இலக்கில் மோதவிட்டு, கிடைக்கும் லித்தியம்-8 அயனிகளைப் பிரித்து, சோடியம் ஆவி வழியாக அனுப்புகிறார்கள்; அங்கே ஒரு எலக்ட்ரானைப் பிடித்து அயனி நடுநிலை அணுவாகிறது. அப்புறம்தான் முக்கிய வேலை. பறக்கும் கற்றையின் நேர்கோட்டிலேயே 671 நானோமீட்டர் லேசர் ஒளியை, வட்ட முனைவாக்கம் செய்து, அதாவது அதன் மின்புலம் திருகுபோலச் சுழன்றபடி செல்லுமாறு, பாய்ச்சுகிறார்கள் (உங்கள் ஆய்வகத்தில் ஒளியை இப்படி மாற்றும் கால் அலைத் தகடு இருந்தால் வட்ட முனைவாக்கம் பெற்ற ஒளியை நீங்களே உண்டாக்கிப் பாருங்கள், அவசியம் பார்க்க வேண்டியது). உறிஞ்சப்படும் ஒவ்வொரு ஃபோட்டானும் ஒரு அலகு கோண உந்தத்தை (சுழற்சியின் அளவை) ஒரே திசையில் சேர்க்கிறது, கிளர்ந்த அணு சுமார் 27 நானோநொடியில் ஒளியை உமிழ்ந்து இறங்குகிறது, மறுபடி உறிஞ்சுகிறது. இப்படிப் பல சுற்று போனதும், இனி உறிஞ்சவே முடியாத ஒரு நிலையில் பெரும்பாலான அணுக்கள் சேர்ந்துவிடும். ஒளி தொடுவது எலக்ட்ரானை மட்டும்தான், ஆனால் எலக்ட்ரானும் கருவும் காந்தவியலாகப் பிணைந்திருப்பதால் கருவும் கூடவே திரும்புகிறது. எனக்கு இதில் மிக அழகாகப் படுவது இந்த இடம்தான்.

கடைசியில் ஹீலியம் வாயுவில் எலக்ட்ரானை உதிர்த்து, மீண்டும் அயனியாக்கிச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். ஸ்பின் திரும்பியதா என்று பீட்டா சிதைவே (கரு எலக்ட்ரானை உமிழ்ந்து சிதைவது) காட்டிவிடும்: வெளிவரும் எலக்ட்ரான்கள் ஸ்பின் திசையில் ஒரு எண்ணிக்கை, எதிர்த்திசையில் வேறொன்று.