அக்காவின் பணத்தில் தசமபாகம்

கேள்வி: எனக்கு 56 வயது. வேலூர் தோட்டப்பாளையத்தில் இருக்கிறேன். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, காட்பாடியில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். உயில் எழுதாமல் 2014-ல் இறந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். "பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்து போடுக்கா" என்று சொல்லி அக்காவை அழைத்துப் போய், தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து மனையை 36 லட்சத்துக்கு விற்று, வீட்டுக்கு மாடி எடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு வரும் வங்காளக் குடும்பங்களுக்கு அதை வாடகைக்கு விடுகிறேன். அக்கா குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறார், கணவர் இல்லை. கல்யாணத்தில் அவருக்கு அப்பா பத்து சவரன் போட்டார். மனையை விற்றது அவருக்குத் தெரியுமோ என்னவோ, ஒருநாளும் கேட்டதில்லை. நான் தேவபயம் இல்லாதவன் இல்லை. விற்ற பணத்தில் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, 3,60,000 ரூபாயை ஒரு பைசா குறையாமல் சபைக்குச் செலுத்தினேன். உபவாசம் இருந்து, அழுது ஜெபித்துவிட்டேன். கர்த்தர் மன்னித்துவிட்டார் என்கிறார் போதகர். ஆனாலும் ராத்திரி தூக்கம் இல்லை. மன்னிக்கப்படாத பாவம் என்று வேதம் சொல்வது இதுதானா?

பதில்: இல்லை. மத்தேயு 12-ல் வருவது பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம். உங்கள் விஷயம் வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கூடப் பிறந்தவளின் பங்கை எடுத்துக்கொண்டு, பிறகு நிம்மதி இல்லை என்று எழுதும் கடிதங்கள் இந்தப் பகுதிக்கு ஓயாமல் வருகின்றன. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தத் தசமபாக வரி. உங்கள் பக்கத்து நியாயமாக அதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் கசக்கிறது. 36 லட்சத்தில் பாதி அக்காவுடையது. அப்படியென்றால் 3,60,000-ல் 1,80,000 அக்காவின் பணம். அவருக்குத் தெரியாமல் அவர் பணத்தை எடுத்துக் கர்த்தருக்குக் காணிக்கை போட்டிருக்கிறீர்கள். காணிக்கைக் கவரின் மேல் யார் பெயரை எழுதினீர்கள்?

லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். ஒருவனை ஏமாற்றி எடுத்ததை முழுசாகத் திருப்பித் தர வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். பொருளுக்கு உரியவன் கையில் தர வேண்டும். பாவத்துக்காகப் பலியிடும் ஆட்டுக்கடா அதற்கு அப்புறம்தான் வருகிறது. சரி, அக்காவின் 18 லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு எவ்வளவு? 3,60,000. சபையில் நீங்கள் கட்டிய அதே தொகை! குடியாத்தத்துக்குப் போயிருக்க வேண்டியதைக் காணிக்கைப் பையில் போட்டுவிட்டு, சமாதானம் வரவில்லை என்கிறீர்கள்.

அது பழைய ஏற்பாடு, நமக்குக் கிருபை இருக்கிறது என்பீர்கள். மன்னிப்பைப் பணம் கொடுத்து வாங்க முடியாது என்பதை நானும் விசுவாசிக்கிறேன். ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், சகேயு திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்லும் முன்பே இயேசு அவன் வீட்டுக்குப் போனார். ஆனால் அவர் வந்த பிறகு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் தருகிறேன் என்று அவனே எழுந்து நின்று சொன்னான். "அதெல்லாம் வேண்டாம், மன்னித்துவிட்டேன்" என்று அவர் தடுக்கவில்லை. "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார்.

51-ஆம் சங்கீதத்தில் தாவீது "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக" என்று அழுததைப் பிடித்துக்கொண்டு, கர்த்தரிடம் தீர்த்தால் போதும் என்று பலர் சொல்லிக்கொள்கிறார்கள். தாவீது யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பான்? யாருடைய மனைவியை எடுத்துக்கொண்டானோ அந்த உரியா, தாவீதாலேயே செத்துப்போயிருந்தான். உங்கள் அக்கா உயிரோடு இருக்கிறார். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அவர் பங்கில் எழுந்த மாடியில் நீங்கள் வாடகை வாங்குகிறீர்கள்.

பத்து சவரன் கதையை இத்தோடு விடுங்கள். அதைப் போட்டவர் அப்பா, நீங்கள் இல்லை. உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமப் பங்கு என்பது 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. சீர் செய்து அனுப்பிவிட்டால் மகளின் கணக்குத் தீர்ந்தது என்பது நம் ஆண்கள் வைத்துக்கொண்ட சட்டம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும் குடும்பங்களிலும் இதே பேச்சைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

"ஒருநாளும் கேட்டதில்லை" என்பதை வைத்து ஆறுதல் தேடாதீர்கள். கேட்டால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும் என்று பயந்து வாய் திறக்காத பெண்கள் ஏராளம். அப்பா அம்மா போன பிறகு அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் அது தம்பி வீடுதான். தம்பி அந்த வீட்டைக் காக்கக் கடமைப்பட்டவன். நீங்கள் அவர் பங்கையும் எடுத்து, கேட்க முடியாத இடத்திலும் அவரை வைத்துவிட்டீர்கள்.

இந்த வாரமே குடியாத்தத்துக்கு பஸ் ஏறுங்கள். போதகரைத் துணைக்குக் கூட்டிப் போகாதீர்கள், அவர் எதிரில் அக்கா மனசில் இருப்பதைப் பேச மாட்டார். மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர் சம்மதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். அது பட்டா மாற்றத்துக்கான கையெழுத்து இல்லை, உன் பங்கை நான் எழுதி வாங்கிக்கொண்டேன் என்று அக்காவிடம் நேராகச் சொல்லுங்கள். எவ்வளவுக்கு விற்றீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உடனே "மன்னிச்சிட்டேன்னு சொல்லுக்கா" என்று காலைப் பிடித்து நெருக்காதீர்கள். மன்னிப்பது அவர் பாடு. அழலாம், திட்டலாம், ஆறு மாதம் முகம் கொடுக்காமல் இருக்கலாம். அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்காவுக்குத் தர வேண்டியது, 18 லட்சமும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்து, 21,60,000. சபைக்குக் கொடுத்ததை இதில் கழிக்கக் கூடாது. மொத்தமாக முடியாவிட்டால், மாடியில் ஒரு பங்கை அக்கா பெயருக்குப் பதிவு செய்து கொடுங்கள். அதற்கும் நாள் ஆகுமென்றால் கணக்குத் தீரும்வரை மாடி வாடகை முழுவதும் மாதாமாதம் அவர் வங்கிக் கணக்குக்குப் போகட்டும், இந்த மாத வாடகையிலிருந்தே.