காணிக்கை குறையும் மாதங்களில் சபைக் கணக்கு: கேள்வி பதில்

தென் மாவட்டக் கிறிஸ்தவ சபைகளில் கணக்குப் பொறுப்பில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நெடுங்காலம் சேகரப் (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்) பொருளாளராக இருந்த ஒருவர் தரும் பதில்கள்.

ஸ்தோத்திரம் ஐயா. திசையன்விளைப் பக்கம் சின்ன சபை எங்களுடையது. டிசம்பரில் காணிக்கைப் பை நிறைகிறது. ஜூன் வந்தால், சபையை நடத்தும் ஊழியரான உபதேசியாரின் சம்பளத்துக்கே திண்டாட்டம். பட்ஜெட்டை எதை வைத்துப் போடுவது?

ஸ்தோத்திரம் தம்பி. வருஷ வரவைப் பன்னிரண்டால் வகுத்துப் பட்ஜெட் போடுவதுதான் பல சபைகளைக் கடனில் தள்ளுகிறது. மூன்று வருஷக் காணிக்கைப் புத்தகத்தை எடுத்து மாதவாரியாக எழுதிப் பாருங்கள். கிறிஸ்துமஸ், புதுவருஷ ஆராதனை, வெளியூர்ப் பிள்ளைகள் வந்து கூடும் அசனம் என்ற சபை விருந்து, இவை ஏற்றம். ஜூனில் பள்ளிக்கூடக் கட்டணம், நோட்டு, சீருடை என்று எல்லார் கையும் காலி. பனையை நம்பிய குடும்பங்களுக்குப் பதநீர்க் காலமும் முடிகிற நேரம்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். சம்பளம், கரண்ட் பில், திருமண்டலத்துக்கு (பேராயரின் கீழுள்ள மேல் அமைப்பு) கட்டுவது என்று மாதம் தப்பாத செலவு 62,000 ரூபாய். ஜூனில் வந்தது 45,000, ஜூலையில் 48,000, ஆகஸ்டில் 52,000. மூன்று மாதத் துண்டு 41,000. இந்த 41,000-ஐ டிசம்பர், ஜனவரி வரவிலிருந்து முதலில் எடுத்துத் தனிக் கணக்கில் போட வேண்டும். பெயின்ட், புது ஸ்பீக்கர் எல்லாம் அதற்குப் பிறகுதான். டிசம்பர் மிச்சத்தைப் பார்த்ததும் கமிட்டியில் ஆளுக்கொரு திட்டம் சொல்வார்கள். அதனால் நவம்பர் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

உபதேசியார் சம்பளத்தை மட்டும் எந்த மாதமும் தள்ளிப் போடாதீர்கள். அவர் வீட்டிலும் ஜூனில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அண்ணே, குமரி மேற்குக் கடற்கரை நாங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் சபைச் சந்தாவே வருவதில்லை.

உங்கள் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு போகாது. தூத்துக்குடிப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தேதியே முன்கூட்டித் தெரியும்போது அதை எதிர்பாராத குறைவு என்று அறிக்கையில் எழுதக் கூடாது. அந்த 61 நாளும் சந்தா நோட்டோடு வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். அரசு தரும் நிவாரணப் பணத்தில் பங்கு கேட்கவே கேட்காதீர்கள். அவனவன் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்து வைக்கச் சொல்லித்தான் பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 16:2). வரவே இல்லாதவரிடம் கேட்க அதில் இடமில்லை. தடை நீங்கிப் படகுகள் மறுபடி கடலுக்குப் போகும்போது, அடுத்த வருஷத் தடைக்காலத்துக்கான பங்கை மாதாமாதம் ஒதுக்கத் தொடங்குங்கள்.

கட்டட நிதியில் நாலு லட்சம் சும்மா கிடக்கிறது. சம்பளத்துக்கு எடுத்துவிட்டு டிசம்பரில் திருப்பிப் போடலாமா?

வேண்டாம். கோபுரத்துக்கென்று கொடுத்தவர் கோபுரத்துக்குத்தான் கொடுத்தார். 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தை உங்கள் கமிட்டியில் ஒருமுறை வாசியுங்கள். யோவாஸ் காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சேர்ந்த பணம் வேலைக்காரருக்கே போனது. ஆசாரியருக்குரிய பணம் அதோடு கலக்கவில்லை. பெட்டியை எண்ணியதும் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தர்) பிரதான ஆசாரியனும் சேர்ந்துதான்.

அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விடும்போது தொகையைப் பெரிதாகக் கேட்டுவிட்டு, பாதிப் பேர் கட்டுவதில்லை. பாக்கிக்காரர் பெயரைப் பலகையில் எழுதலாம் என்கிறது கமிட்டி.

தயவுசெய்து எழுதாதீர்கள் சகோதரி. வாழைத்தாரையும் கோழியையும் சந்தோஷத்தில் ஏற்றிக் கேட்டவர்தான், மறு மாதம் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார். பெயரைப் பலகையில் பார்த்தவர் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார், அவரோடு பிள்ளைகளும் வரமாட்டார்கள். சில ஆயிரம் ரூபாய்க்காக ஒரு குடும்பத்தை இழக்கலாமா? போதகரோ மூப்பர் ஒருவரோ தனியாகப் போய் விசாரிக்கட்டும், ஜெபித்துவிட்டு வரட்டும். தவணையாகத் தந்தால் வாங்குங்கள். முடியாதவருக்குப் பாக்கியைத் தள்ளுபடி செய்யவும் கமிட்டிக்கு மனம் வேண்டும்.

கணக்கு விஷயத்தில் ஒன்று: ஏலத்தில் சொன்ன தொகையை வரவாக எழுதாதீர்கள். ரசீது போட்டதுதான் வரவு. சொன்ன தொகையை நம்பிச் செலவை ஏற்றியதால்தான் பல சபைகளில் பிப்ரவரி, மார்ச்சிலேயே இழுபறி தொடங்குகிறது.

துபாயில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்கலாமா?

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சபை அதை வாங்கக் கூடாது. ஊர்க்காரர்தானே என்று விட்டுவிடாமல் முதலில் விசாரியுங்கள். மொத்தமாக ஒரு தொகை கேட்பதைவிட, மாதம் ஒரு சிறு தொகை தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஜூன் மாதத்தைத் தாங்குவது அந்தச் சிறு தொகைகள்தான்.

ஜிபே வைக்கலாமா ஐயா? போதகர் நம்பரே போதும் என்கிறார்கள்.

வையுங்கள், சபைப் பெயரில் உள்ள கணக்கோடு மட்டும். போதகரின் சொந்த நம்பருக்குப் போகும் பணத்தால், நல்ல மனிதருக்கும் வீண்பேச்சு வரும். அந்தக் கணக்கில் இருவர் கையெழுத்து இருக்கட்டும். மாதக் கடைசியில் வங்கி அறிக்கையை ரசீதுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, வரவு செலவை அடுத்த ஞாயிறே ஆலயத்தில் வாசித்துவிடுங்கள், குறைந்த மாதமானாலும்.