வீட்டு கால் மிஷினில் அடியில் நூல் சிக்குது, பனியன் துணியில் தையல் விட்டு விட்டு விழுது. மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் என்ன பார்க்கலாம்?

நூல் சிக்குவது அடியில்தான், ஆனால் தப்பு பெரும்பாலும் மேலே இருக்கும். எல்லாரும் எடுத்த எடுப்பில் பாபின் கேஸ் (அடிநூல் பாபினைப் போடும் கூடு) திருகைத் திருப்பிவிடுகிறார்கள், அதில்தான் வினையே. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபூட் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தகடு இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். நூல் நடுவில் போய் உட்காராது. பிடிமானமே இல்லாமல் மேல்நூல் அடியில் போய்க் குவியும். ஃபூட்டைத் தூக்கி வைத்து, மேல்நூலை முழுக்க உருவி, முதலிலிருந்து கோத்துப் பாருங்க. தைக்க ஆரம்பிக்கும்போது இரண்டு நூலும் நாலு அங்குலம் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

அப்புறமும் சந்தேகமா? மேலே சிவப்பு, பாபினில் வெள்ளை போட்டு ஒரு காடாத் துண்டில் தையுங்க. அடியில் சிவப்பு வளையம் தெரிந்தால் மேல் டென்ஷன் போதவில்லை. மேலே வெள்ளை எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் அதிகம், இல்லை பாபின் கேஸ் லூஸ். கேஸை நூலில் தொங்கவிட்டு லேசாகச் சுண்டி இழுத்தால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் மட்டும் சின்னத் திருகைக் கால் சுற்று இறுக்குங்க.

பனியன் துணி வேற கதை. ஊசி கீழே போய்த் திரும்பும் நொடியில், ஊசிக் கண்ணுக்குப் பக்கத்தில் நூல் ஒரு சின்ன வளையமாகப் புடைக்கும். அடியில் ஆடும் ஷட்டிலின் கூர்முனை அதைக் கொத்தினால்தான் தையல். இழுபடும் துணி ஊசியோடு ஒட்டி மேலேறினால் வளையம் விழாது, முனை சும்மா கடந்துவிடும். 11-ம் நம்பர் பால் பாயிண்ட் (முனை மழுங்கிய) ஊசி போடுங்க. சாதா ஊசி பின்னல் இழையை அறுத்துவிடும், துவைத்ததும் ஓட்டை தெரியும். அப்படியும் தையல் விட்டால் துணிக்கு அடியில் செய்தித்தாள் வைத்துத் தைத்துக் கிழித்துவிடலாம்.

நம்ம பக்கம் ஒரு தனித் தொந்தரவு உண்டு. திருப்பூர்க் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் அங்கத்து ஊசியைக் கொண்டுவந்து வீட்டு மிஷினில் மாட்டுவது. பவர் மிஷின் ஊசி பெரும்பாலும் முழு உருண்டைத் தண்டு, ஒல்லியானதும்கூட. வீட்டு மிஷினுக்குத் தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கணும். மாட்டும்போது ஊசியின் நீளப் பள்ளம் நூல் கோக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

பனியன் பஞ்சு துணியை நகர்த்தும் பல்லுக்கு இடையில் கம்பளி மாதிரி அமுங்கிவிடும். அப்போது துணி நகராது, தையல் ஒரே இடத்தில் குவியும். ஊசித்தட்டுத் திருகு இரண்டையும் கழற்றி, பிரஷால் எடுங்க. வாயால் ஊதாதீங்க, எச்சில் ஈரம் துரு பிடிக்க வைக்கும்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பஞ்சோடு சேர்ந்து பிசினாகிவிடும், மிஷின் கனக்கும். ஏற்கெனவே விட்டிருந்தால் மண்ணெண்ணெய் சொட்டு விட்டு, சக்கரத்தைச் சுற்றி, கசண்டைத் துடைத்த பிறகு ஒவ்வொரு எண்ணெய் ஓட்டைக்கும் மிஷின் ஆயில் ஒரு சொட்டு. கழிவுத் துணியில் ஓட்டிவிட்டுத்தான் நல்ல துணி.

சக்கரம் சுற்றுது, ஊசி மட்டும் அசையலைன்னா, பாபின் சுற்றியபோது தளர்த்திய சக்கரத்தின் நடுத்திருகை இறுக்க மறந்திருப்பீங்க. காட்டன் துணியிலும் புது ஊசியோடு தையல் விட்டால்தான் டைமிங் (ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரம்) கோளாறு. அதுக்கு மெக்கானிக் வரட்டும். ஊசிக்கம்பியின் உயரத்தைப் பிடித்திருக்கும் திருகில் நீங்க கை வைக்காதீங்க.