ஒப்பாரியைத் தாண்டிப் போகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தேன். இரண்டிலும் ஆசிரியர்தான் கதை சொல்கிறார். சாதி, ஊர், பெண் என்று கருவும் ஒன்றாகவே இருக்கிறது. எந்தக் கதைசொல்லல் சிறந்தது? இரண்டிலும் ஒப்பாரிகள் மிகையாகத் தோன்றியதால் தாண்டிப் படித்தேன்.

ர.

அன்புள்ள ர.,

பாடத்திட்டத்துக்கு வெளியே இந்த இரண்டையும் தேடிப் படித்திருக்கிறீர்கள், சந்தோஷம். 1994இல் ஒன்று, 2013இல் ஒன்று. எது சிறந்தது என்பதை விடுங்கள். கரு ஒன்று என்பதும் மேலோட்டமாகச் சரிதான். ஆனால் ஒப்பாரியைத் தாண்டினேன் என்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. சில நாட்களாக நானும் அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு அத்தை இருந்தாள். வாயில்லாப் பூச்சி என்று பேரெடுத்தவள். தாத்தா செத்த அன்று தலைமாட்டில் உட்கார்ந்து, தனக்குத் தருவதாகச் சொன்ன கிணற்றடி நிலத்தை அண்ணன்கள் எழுதி வாங்கிக்கொண்ட கதையை ராகம் போட்டு இழுத்தாள். நடுவில் நிறுத்தி மூக்கைச் சிந்தி, “பிள்ளைகளுக்குக் காப்பி குடுத்தாச்சா?” என்று கேட்டுவிட்டு, விட்ட அடியிலிருந்து தொடர்ந்தாள். பந்தலில் இருந்த அப்பாவும் பெரியப்பாவும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கிறவளை யாரும் அதட்ட முடியாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ‘கோவேறு கழுதைகள்’ நாயகி ஆரோக்கியத்தைப் பாருங்கள். புதிரை வண்ணார் வீட்டுப் பெண். ஊரே ஒதுக்கிவைத்த காலனிக்குத் துணி வெளுத்து, பிள்ளைப்பேறு பார்த்து, இழவு வேலை செய்து, ராத்திரியில் வாசல் வாசலாகச் சோறு எடுத்துப் பிழைக்கிறவள். நேரில் பேசினால் வாய்க்கு வாய் ‘சாமி’தான். கூலி குறைந்தாலும் கேட்க முடியாது. மகள் மேரிக்கு நடந்த கொடுமையையும் வெளியே சொல்ல முடியாது. நியாயம் கேட்க அவளுக்கு இருப்பது புலம்பல் ஒன்றுதான். இமையம் அதற்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுக்கிறார். ஆசிரியர்தான் கதை சொல்கிறார் என்று எழுதினீர்களே, போகப்போக அவருடைய வாக்கியங்களே அவள் மூச்சை வாங்கிக்கொள்கின்றன. அதைத் தாண்டிவிட்டு எதைப் படித்தீர்கள்?

‘பூக்குழி’யில் மாமியார் மாராயியும் அழுகிறாள். அவளும் ஏழை, சின்ன வயதில் தாலியறுத்து, பாறைமேல் குடிசையில் ஒண்டியாக மகனை வளர்த்தவள். ஆனால் அவள் பாட்டு, மகன் கட்டிக்கொண்டு வந்த வேறு சாதிப் பெண் சரோஜாவின் தலையில் போய் விழுகிறது. பெருமாள்முருகன் நம்மைச் சரோஜாவின் பக்கத்திலேயே உட்காரவைக்கிறார். அவள் காதில் விழுவதுதான் நமக்கும் கேட்கிறது. ஒரு தாயின் அழுகை கொஞ்சம் கொஞ்சமாக ஊரைக் கூட்டும் கூப்பாடாகிறது. கடைசியில் முள்புதருக்குள் பதுங்கியிருக்கிறவளைச் சுற்றித் தீ வைக்கிறார்கள். அந்தக் கும்பலோடு மாராயியின் குரலும் கேட்கிறது. என் அத்தைக்கு ஒரு நாள் நியாயம் பேச இடம்விட்ட அதே வழக்கம்தான், ஒரு பெண்ணை அணு அணுவாக வதைக்கவும் மாராயிக்கு இடம்விட்டது. ஒப்பாரியை எளியவர்களின் குரல் என்று மட்டும் கொண்டாடுகிற நம் விமர்சகர்களிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அழுகிறவள் யார் என்பதோடு, யாரை நோக்கி அழுகிறாள் என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டையும் மறுபடி எடுங்கள். தாண்டிய இடங்களை வாய்விட்டுப் படியுங்கள். மாராயி பாடும்போதெல்லாம் சரோஜா என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.